மொட்டிலேயே கிள்ள வேண்டியது எதை?

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன், வீட்டுப்பாடம் எழுதாமலே 'எழுதிட்டேன் மிஸ், நோட்டை மறந்துட்டேன்' என்று இரண்டு முறை பொய் சொல்லியிருக்கிறான். டைரியில் அவன் மிஸ், 'வீ ஷுட் நிப் திஸ் இன் த பட்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். என் பிள்ளையை ஒதுக்கப் பார்க்கிறார்களோ என்று பதறுகிறது. இதற்கு என்ன பொருள்? நான் என்ன பதில் எழுதுவது?
– ஒரு தாய், திருச்சி

பதில்: பதறாதீர்கள் அம்மா. 'முளையிலேயே கிள்ளி எறிய வேண்டும்' என்று நாம் சொல்வோமே, அதைத்தான் மிஸ் எழுதியிருக்கிறார். 'பட்' என்றால் மொட்டு. மொட்டைக் கிள்ளிவிட்டால் அது பூவாகாது, காயாகாது. ஒரு கெட்ட பழக்கம் தலைகாட்டும்போதே நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் பொருள். பழைய வழக்கு இது. 1607-ல் அச்சான ஒரு லண்டன் நாடகத்திலேயே, மனதில் எழும் ஆசையை மொட்டிலேயே கிள்ளிவிடுவேன் என்று ஒரு பாத்திரம் பேசுகிறது.

அந்த வாக்கியத்தில் 'திஸ்' என்று இருப்பதைக் கவனியுங்கள். மிஸ் சுட்டுவது பொய் சொல்லும் பழக்கத்தை. உங்கள் மகனை அல்ல. ஆளைக் குறித்து இப்படி எழுதும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. அதோடு, இது தொடக்கத்தில் இருப்பதற்கு மட்டுமே பொருந்தும். இருபது வருடமாக சிகரெட் பிடிப்பவரிடம் போய் 'நிப் இன் த பட்' என்றால் பொருந்தாது. அங்கே 'கிக் த ஹாபிட்', அதாவது ஊறிய பழக்கத்தை விட்டொழிப்பது, என்பார்கள். அதேபோல், நிறைய விண்ணப்பங்களில் தகுதியில்லாதவற்றைக் கழித்துக்கட்டுவதற்கும் இது பொருந்தாது. அது 'வீட் அவுட்'. அப்படியானால் மிஸ் என்ன சொல்கிறார்? இது இன்னும் வேர்விடவில்லை, இப்போதே திருத்திவிடலாம் என்கிறார். 'வீ' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அதில் அக்கறைதான் தெரிகிறது.

சொல்லிப் பார்க்கும்போது 'பட்' என்பதை 'ட்' என்று அழுத்தி முடிக்காதீர்கள். ஆங்கிலத்தில் அது பின்பக்கம் என்றாகிவிடும். 'நாடு' என்பதில் வரும் 'டு' போல மென்மையாக முடியுங்கள்.

பதிலை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றில்லை. 'அவனிடம் பேசுகிறேன் மிஸ். எந்தப் பாடத்தில் வீட்டுப்பாடம் விடுபடுகிறது என்று சொல்லுங்கள்' என்று தமிழிலேயே எழுதுங்கள், போதும். அப்புறம், அடிக்காமல் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். கணக்குப் புரியாமல், அதைச் சொல்லப் பயந்துகொண்டு நோட்டை மறந்ததாகச் சொல்லும் பிள்ளைகள் நிறைய. அவனும் அப்படித்தான் என்றால், அதையும் மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள்.