யானை எப்போது தொலைந்தது?

அன்புள்ள ஐயா,

பேருந்தில் துணி யானையைத் தொலைத்துவிடும் மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி ஒரு படக்கதை எழுதி இணைத்திருக்கிறேன். கடைசியில் அப்பா புது யானை வாங்கித் தருகிறார். இதைப் பாட்டாக எழுதுவதா, உரைநடையாகவா?

ர.

அன்புள்ள ர.,

பாட்டோ உரைநடையோ, உங்களுக்கு எது கைவருமோ அது. ஜன்னல் கம்பி வழியாக அவள் யானைக்கு ஊரைக் காட்டுகிற இடம் அவ்வளவு அழகு. அதில் கை வைக்காதீர்கள்.

ஆனால் அந்தப் புது யானை! இப்படிப்பட்ட பொருளைக் குழந்தையே மாற்றினால் ஒழிய அது மாறக்கூடாது என்று குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட் 1953லேயே எழுதிவிட்டார். நாறினாலும் அம்மாக்கள் அதைத் துவைக்காமல் விடுவது அதனால்தான். கடை யானைக்கு எச்சில் வாசம் ஏது? ஷெர்லி ஹியூஸின் 'டாகர்' (1977) கதையில் சிறுவன் டேவ் தொலைத்த பழைய துணி நாயை ஒரு சிறுமி விலைக்கு வாங்கிவிடுகிறாள். டேவின் அக்கா பெல்லா, தான் பரிசாக வென்ற பெரிய கரடியைக் கொடுத்து அதை மீட்கிறாள். புதுசு போகிறது, பழசு வீட்டுக்கு வருகிறது.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று. 'யானையைக் காணோமே என்று அவள் மிகவும் வருந்தினாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். வரியைப் படிப்பது அம்மா. படத்தைப் படிப்பது குழந்தை. யானை தொலைந்தது எழுத்து தெரியாத அந்தக் குழந்தைக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். படக்கதைக்கு வழக்கமான 32 பக்கத்தில் தலைப்பு, பதிப்பு விவரம் என்று முன்பக்கங்கள் மூன்று போக, 4-5 முதல் 30-31 வரை எதிரெதிர்ப் பக்கங்களாகப் பதினான்கு ஜோடி, 32 தனி. நீங்களோ 16ஆம் பக்கம்வரை சித்தப்பாவையெல்லாம் அறிமுகம் செய்துகொண்டிருக்கிறீர்கள்! 10-11இல் தொலைத்துவிடுங்கள். வலப்பக்க ஓரத்தில் அவள் படி இறங்கட்டும். இடக்கை, யானையைப் பிடித்த வாக்கிலேயே, வெறுமனே மூடியிருக்கட்டும். இடப்பக்கத்தில் சீட்டுக்கு அடியில் தும்பிக்கை நுனி. நடுமடிப்புக்குப் பக்கத்தில் வரையாதீர்கள், பைண்டிங் விழுங்கிவிடும். ஒரு சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். வரி? 'ஸ்டாப் வந்தாச்சு.' அவ்வளவுதான். இதற்கு முந்தைய பக்கங்களில் எல்லாம் யானை அதே இடக்கையில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இல்லாததை யார் கவனிப்பார்கள்? அம்மாவுக்குத் தெரிவது பக்கம் திருப்பிய பிறகு.

பொருள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லும் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

எட்டு ஏ4 தாள்களைச் சேர்த்து நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் 32 பக்கம். பென்சிலில் கிறுக்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். 11ஆம் பக்கத்தைத் திருப்பவிடாமல் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டால் எனக்கு அனுப்புங்கள். கொட்டாவி விட்டால் இன்னும் எட்டுத் தாள்.