வாட்டர்ப்ரூஃப் கேமரா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணையைத் தாண்டியதும் எனக்கு வரும் கடிதங்களின் ரகம் மாறிவிடும். அதுவரை லென்ஸ், ட்ரைபாட் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், ஆடி நெருங்க நெருங்கத் தண்ணீர்க் கேமராவுக்கு வந்துவிடுகிறார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில். மாடல் பெயர்கூட எழுதாமல் ‘என் கேமராவுக்கு என்ன ஆச்சு?’ என்று மட்டும் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல வாட்டர்ப்ரூஃப் கேமரா ஒன்று சொல்லுங்கள். (கும்பகோணம்)

கேஸ் இல்லாமல் அப்படியே தண்ணீரில் இறங்கக்கூடிய, பெயருள்ள கம்பெனியின் புதுக் கேமரா அந்தப் பணத்துக்குக் கிடைப்பது கஷ்டம். நிக்கான், ஃபியூஜி, பானசோனிக் மூன்றும் இந்த ரகத்தில் கடைசியாக மாடல் விட்டது 2018, 2019 வாக்கில். ஒலிம்பஸின் டிஜி வரிசை இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது. 2023-இல் வந்த டிஜி-7 அருமையான கேமரா, 15 மீட்டர் தாங்கும், ஆனால் விலை உங்கள் பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு.

மிஞ்சுவது, ஹெல்மெட்டில் மாட்டி ஓட ஓடப் படமெடுக்கும் சின்ன ரகமான, பிளாஸ்டிக் கேஸோடு வரும் மலிவு ஆக்‌ஷன் கேமரா. வாங்கலாம், தப்பில்லை. பெட்டியில் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பல மலிவு மாடல்களில் சின்னப் படத்தை ஊதிப் பெரிதாக்கி 4கே என்கிறார்கள். ஃபுல் எச்டியில் ஒழுங்காக எடுக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஒரு தடவை வாங்கினால் எத்தனை வருஷம் உழைக்கும்? (மன்னார்குடி, சீர்காழி, இன்னும் பலர்)

கேமரா நாலைந்து வருஷம் தாராளமாக உழைக்கும். அதன் வாட்டர்ப்ரூஃப் தன்மை அத்தனை நாள் வராது. பேட்டரி மூடியைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் சீல் இருக்கிறதே, கேமராவின் உயிர் அதில்தான் இருக்கிறது. வீட்டுக் குழாயின் வாஷர் மாதிரி அதுவும் தேயும் சாமான். வெயிலில் காயும், அழுந்தி அழுந்தித் தட்டையாகும், எண்ணெய் பட்டால் உப்பும். கேமராவைப் பீரோவிலேயே வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை சீலை மாற்றிக்கொள்ளும்படி கம்பெனிகளே கையேட்டில் எழுதியிருக்கின்றன. பெட்டியைப் பிரித்ததும் கையேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் எங்கே படிப்பது?

என் கணக்கு எளிது. முதல் வருஷம் தைரியமாக இறக்குங்கள். இரண்டாம் வருஷம் சீல் மாற்றிவிட்டு இறக்குங்கள். மாற்ற வழியில்லையென்றால், அதற்கப்புறம் அது மழை தாங்கும் கேமரா, அவ்வளவுதான்.

தண்ணீருக்குள் எடுத்தால் ஒரே செம்மண் நிறமாக இருக்கிறது. சென்ஸார் பழுதா? (திருவையாறு)

ஆடிப் புதுவெள்ளத்தில் எந்தக் கேமராவை இறக்கினாலும் அப்படித்தான் இருக்கும். பழுது இல்லை. தெளிந்த பிறகு, முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

பெட்டியில் 30 மீட்டர் என்று போட்டிருக்கிறது. பம்புசெட் தொட்டி இடுப்பளவுதான். அதில் குளிக்கும்போதே தண்ணீர் ஏறிவிட்டது. கம்பெனி ஏமாற்றுகிறதா? (ஒரத்தநாடு)

இந்தக் கேள்வி வருஷா வருஷம் வருகிறது, வருஷா வருஷம் எனக்குக் கோபமும் வருகிறது. உங்கள் மேல் பாதி, பெட்டியில் எண் அச்சடிக்கிறவர்கள் மேல் பாதி.

முதலில், அந்த 30 மீட்டர் யாருடையது? நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் கேஸோடு வரும் ஆக்‌ஷன் கேமரா. எண் கேஸுக்கு உரியது. உள்ளே இருக்கும் கேமராவுக்குத் தூறல்கூட ஆகாது. இதைப் பெட்டியின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். முன்பக்கம் மட்டும் சுறா மீன் படம்.

இரண்டாவது, ஆழக் கணக்கெல்லாம் அசையாத நல்ல தண்ணீரில், புது சீலோடு, மெதுவாக இறக்கிப் பார்த்துச் சொல்வது. ஐபி என்பது தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் தர எண். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம். ஐபி 68 அதற்கும் மேல், எவ்வளவு என்பது கம்பெனி சொல்கிற கணக்கு. இரண்டுமே பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கான சோதனை அல்ல, அதற்கு வேறு எண் உண்டு. ஆழத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக வந்து மூடியை இறுக்கிப் பிடிக்கும். பம்புசெட் குழாயோ ஒரே இடத்தில் மொத்துகிறது, மூடியின் ஓரத்தை நெம்புகிறது. அதன் வாய்க்கு நேரே பிடித்துவிட்டு ‘தொட்டி இடுப்பளவுதான்’ என்றால் என்ன சொல்வது! கரையிலிருந்து கேமராவோடு குதிப்பதும் இதே கதைதான்.

மூன்றாவது, சோப்பு. குளிக்கும்போது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சோப்புத் தண்ணீர் வெறும் தண்ணீர் போகாத இடுக்கிலும் புகும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் இன்னும் மோசம், எண்ணெய்க் கையோடு கேஸைத் திறந்தால் ரப்பர் போயிற்று.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்டது. நடுவில் பேட்டரி மாற்றினீர்களா? வரப்பில் உட்கார்ந்து, ஈரக் கையோடு? பத்தில் ஒன்பது கேமரா சாவது அப்படித்தான். சீல் மேல் ஒரு மணல், ஒரு தலைமுடி, வயல் சேறு ஒரு துளி இருந்தால் போதும். தண்ணீர் ஓரத்தில் மூடியைத் திறக்காதீர்கள், திறக்காதீர்கள், திறக்காதீர்கள். வாரன்ட்டியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் ஏறின கேமராவைப் பெரும்பாலும் வாரன்ட்டியில் எடுக்க மாட்டார்கள்.

அடுத்த கேஸ் வாங்கினால் கேமராவை வைக்காமல் உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரும், கனத்துக்கு ஒரு கல்லும் போட்டு மூடி, வாளியில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். பேப்பர் நனைந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

லென்ஸ் உள்பக்கம் மூடுபனி மாதிரி படிகிறது. (தஞ்சாவூர்)

புழுக்கமான காற்றை உள்ளே வைத்து மூடியிருக்கிறீர்கள். வெயிலில் சூடான கேமரா குளிர்ந்த தண்ணீருக்குள் போனதும் அந்த ஈரம் கண்ணாடியில் படிகிறது. காலையில் ஏசி ஓடும் அறையில் மூடியைப் பூட்டிவிட்டு, அதற்கப்புறம் திறக்காமல் கிளம்புங்கள். கேஸ் என்றால் ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்கள். துளித்துளியாகத் தெரிந்தால் அது பனி இல்லை, கசிவு. உடனே பேட்டரியைக் கழற்றுங்கள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகிறோம். வந்ததும் என்ன செய்ய வேண்டும்? (பட்டுக்கோட்டை)

ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். ஒரு மணி நேரத்துக்குள், மூடியைத் திறக்காமல், நல்ல தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறப் போடுங்கள். உள்ளே வைத்தே எல்லா பட்டனையும் அழுத்தி விடுங்கள். உப்பு காய்ந்து கல்லாகிவிட்டால் பட்டன் சீலை அறுத்துவிடும். ஒரு விஷயம்: கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. குடிதண்ணீர் கேனில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் காய வையுங்கள், படகின் பலகையில் வெயிலில் வேண்டாம்.

நனைந்த கேமராவை அரிசிக்குள் புதைத்தால் சரியாகுமா? (திருத்துறைப்பூண்டி)

ஆகாது. நெல் விளைகிற ஊர் என்பதற்காக எல்லாவற்றுக்கும் அரிசியா? மாவுத் தூசிதான் உள்ளே போகும். ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரி, கார்டு எல்லாம் எடுத்துவிட்டு, திறந்தபடி மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் வையுங்கள்.

போனே ஐபி 68 தானே, தனியாகக் கேமரா எதற்கு? (மயிலாடுதுறை)

வங்கி, ஆதார், அம்மாவின் மருந்துச் சீட்டு எல்லாம் உள்ள போனை ஆற்றில் விடத் தைரியம் இருந்தால் தனிக் கேமரா வேண்டாம். தண்ணீருக்குள் டச் ஸ்கிரீன் பேச்சைக் கேட்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுசு மாதிரி இருக்கும் 2017 மாடல், தண்ணீரில் ஒருமுறைகூட இறக்காதது, பாதி விலைக்கு வருகிறது. (திருவாரூர்)

மேலே ரப்பரைப் பற்றி எழுதியதை மறுபடி படியுங்கள். சீல் கிடைக்கும், மாற்றித் தருவார்கள் என்று உறுதியானால் வாங்குங்கள். இல்லையென்றால் சாதாரணக் கேமராவுக்கு உள்ள விலை கொடுங்கள்.

2028 மகாமகத்துக்கு இப்போதே வாங்கி வைத்துவிடலாமா? (வலங்கைமான்)

வேண்டாம். அந்த மாசிக்கு முந்தின மாதம் வாங்குங்கள்.

வடவாற்றில் கேமரா கை தவறி விழுந்துவிட்டது. வாட்டர்ப்ரூஃப் மிதக்காதா? (தஞ்சாவூர்)

மிதக்காது, இவற்றில் பெரும்பாலானவை கல் மாதிரி இறங்கும். நுரை வைத்த மிதவை ஸ்ட்ராப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கினதும் கேமராவை அதில் கட்டி ஒரு வாளியில் போட்டுப் பாருங்கள். சில ஸ்ட்ராப் கேமராவோடு சேர்ந்து தானும் முழுகுகிறது.