பிரீதர் வால்வு: எதை வாங்குவது, எங்கே வைப்பது, குழாயை எப்படிக் கொண்டுபோவது

பிரீதர் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். எதிர்பார்த்ததை விட அதிகமாகவே வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். திருகோணமலையில் பைக் திருத்துவது என் தொழில். இங்கே சொல்வதெல்லாம் நம் தெருக்களில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு. அதாவது 100 சிசியில் இருந்து 200 சிசி வரை.

கேள்வி (லிங்கநகர்): அண்ணா, பிரீதர் என்றால் என்ன? அதற்கு வால்வு எதற்கு? என் 100 சிசி வண்டியில் எஞ்சினில் இருந்து எயார் பொக்ஸுக்குப் போகும் ஒரு கறுப்புக் குழாய் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: பிஸ்டன் கீழே இறங்கும்போது அதன் அடியில் உள்ள காற்று நெருக்கப்படுகிறது. உங்கள் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றிலும், பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறையான கிராங்க்கேஸுக்குள் 100 சிசி இடம் குறைந்து, திரும்பக் கூடும். 6000 ஆர்பிஎம்மில் இது செக்கனுக்கு 100 தடவை. அதோடு எரிந்த வாயுவிலும் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். புது எஞ்சினிலும் இது உண்டு. இவை வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் பிரீதர், உங்கள் வண்டியில் அந்தக் கறுப்புக் குழாய். எயார் பொக்ஸுக்குள், அதாவது எயார் ஃபில்டர் இருக்கும் பெட்டிக்குள், போன ஒயில் ஆவி காப்ரேட்டர் வழியாக மறுபடி எஞ்சினுக்குள் போய் எரிந்துவிடும்.

வெறும் குழாயில் காற்று போன வழியே திரும்பி வரும். ஒருவழி வால்வு போட்டால் போனது திரும்பாது. கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் வெளிக்காற்றை விடச் சற்றுக் குறைந்து நிற்கும், சீல் ஓரங்களிலும் கேஸ்கட் ஓரங்களிலும் ஒயிலை வெளியே தள்ள ஒன்றும் இருக்காது. வால்வால் வரும் பெரிய லாபம் இதுதான். உங்கள் வண்டியில் ஒழுக்கு இல்லை, எயார் பொக்ஸிலும் ஒயில் இல்லை என்றால் இருக்கிற குழாயே போதும் தம்பி. காசைச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி (கிண்ணியா): அண்ணன், பழைய சாமான் கடையில் காரின் பிசிவி வால்வு கிடைக்கிறது, பிரேக் பூஸ்டர் வால்வும் இருக்கிறது. கூட்டாளி ஒருவர் மீன் தொட்டிக்குப் போடும் வால்வைப் பூட்டியிருக்கிறார். எதைப் போடலாம்?

பதில்: மீன் தொட்டி வால்வை இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். அதன் துவாரம் மிகச் சிறியது. 100 சிசி காற்று அவ்வளவு வேகத்தில் அதற்குள்ளால் போக முடியாது. பிரீதரைப் பாதி அடைத்ததற்குச் சமம்.

காரின் பிசிவி வால்வும் கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றுவதுதான். ஆனால் அது இன்லெட் மேனிஃபோல்டின், அதாவது கலவை எஞ்சினுக்குள் போகும் குழாயின், உறிஞ்சலைக் கொண்டு வேலை செய்யச் செய்தது. நம் வண்டியில் அதைப் போடுபவர்கள் பலர் குழாயைக் காப்ரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் செருகி விடுகிறார்கள். அங்கே காற்று உள்ளே போனால் பெற்றோல் கலவை மெலிந்துவிடும். ஐடில் நிற்காது, எஞ்சின் சூடாகும். எந்த வால்வு போட்டாலும் அந்த இடத்தில் மட்டும் குழாயைச் செருகாதீர்கள்.

பிரேக் பூஸ்டர் வால்வின் துவாரம் நல்ல அகலம். ஆனால் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. சிலவற்றில் அது மெல்லியது, சிலவற்றில் கடினம். வாயால் ஊதிப் பாருங்கள். மெதுவாக ஊதினாலே திறந்தால் ஓரளவு சரி. கன்னம் உப்ப ஊத வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் வைத்த பாரமான வால்வு குறைந்த வேகத்தில் ஒழுங்காக அடிக்கும். வேகம் கூடும்போது பிஸ்டனோடு சேர்ந்து திறந்து மூட நேரம் போதாமல் நடுவில் மிதக்கும்.

நான் போடுவது ரீட் வால்வு. மெல்லிய தகடு ஒன்று, பாரம் கிடையாது, சின்ன அழுத்தத்துக்கே எழும்பும், உடனே படுக்கும். மலிவாக எடுக்கவும் வழி உண்டு. புகைக் கட்டுப்பாட்டுக்காகச் சில வண்டிகளில் எயார் பொக்ஸில் இருந்து சிலிண்டர் ஹெட்டின் புகைவாசலுக்குச் சுத்தக் காற்று கொடுக்கும் அமைப்பு இருக்கும். அதன் உள்ளே இருப்பது ரீட்தான். கழித்த வண்டியில் இருந்து எடுங்கள். ஓடுகிற வண்டியில் இருந்து பிடுங்கினால் அந்த வண்டிக்காரர் புகைப் பரிசோதனையில் மாட்டுவார். சிலவற்றில் உறிஞ்சலால் மூடும் டயஃப்ரமும் சேர்ந்திருக்கும். ரீட் மட்டும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். பூட்டும்போது, முன்பு எயார் பொக்ஸைப் பார்த்த பக்கம் இப்போது கிராங்க்கேஸைப் பார்க்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும், வெளியே விடாது. கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு சீல் பிதுங்கி வரும்.

வாத்து அலகு போல இருக்கும் ரப்பர் வால்வும் பரவாயில்லை, ஒயில் தாங்கும் ரப்பராக இருந்தால். அதைத் தேய்மானச் சாமானாக நினைத்து இடைக்கிடை மாற்ற வேண்டும்.

கேள்வி (கந்தளாய்): ரீட் வால்வை எஞ்சினின் பிரீதர் வாயிலேயே பூட்டி, அதில் இருந்து குழாயை மேலே ஏற்றி, டாங்கிக்கு அடியால் கொண்டுபோய் ஒரு போத்தலில் விட்டேன். குழாய் மேலே ஏற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அப்படித்தான் செய்திருக்கிறேன். ஆனால் வால்வுக்கு மேலே ஒயில் தேங்கி நிற்கிறது. போத்தலும் நிரம்புகிறது. எங்கே பிழை?

பதில்: வந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பலரும் தடுமாறும் இடம் இது.

குழாய் மேலே ஏற வேண்டும் என்பது வால்வு இல்லாத குழாய்க்கு முழு உண்மை. ஒயில் ஆவி குழாயின் சுவரில் பட்டுக் குளிர்ந்து, சோற்றுப் பானை மூடியில் பட்ட நீராவி துளியாகிப் பானைக்கே விழுவது போல, எஞ்சினுக்கே வடிந்துவிடும். நீங்கள் வாயிலேயே ஒருவழிக் கதவை வைத்துவிட்டீர்கள். அதைத் தாண்டிய ஒயில் திரும்பி வர முடியாது. மேலே ஏறும் குழாயில் குளிர்ந்தது எல்லாம் கீழே இறங்கி ரீட்டின் தலையில் உட்காருகிறது. காற்று அடிக்கும் ஒவ்வொரு தடவையும் வால்வு அந்த ஒயிலையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அதனால் ரீட் சோம்பிப்போகிறது, தேங்கியது கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பப்பட்டுப் போத்தலுக்குப் போகிறது.

வால்வு வைத்த வண்டிக்குப் பாதை இப்படி: எஞ்சின் வாயில் இருந்து ஒரு சாண் அளவு குழாய் நேரே மேலே ஏறட்டும். தெறிக்கும் ஒயில் அந்த ஒரு சாணில் பிரிந்து கீழே விழுந்துவிடும். அதன் உச்சியில் வால்வு. பாதை முழுவதிலும் அதுதான் உயரமான இடமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு குழாய் எயார் பொக்ஸை நோக்கியோ போத்தலை நோக்கியோ சரிந்து இறங்கட்டும். வால்வுக்கு முன்னால் உள்ளது எஞ்சினுக்கு, பின்னால் உள்ளது போத்தலுக்கு. நடுவில் எங்கும் தொய்வு வரக் கூடாது.

ஒரு சாண் என்பதை ஒரு முழமாக்கவும் வேண்டாம். எஞ்சினுக்கும் வால்வுக்கும் இடையில் இருக்கும் குழாயின் கொள்ளளவும் கிராங்க்கேஸோடு சேர்ந்துவிடும். அது கூடக் கூட, வால்வுக்கு வந்து சேரும் காற்றின் அடி மெலியும். குழாய் ஒரு சாணுக்குக் குறைந்தாலோ ஒயில் தெறித்து வால்வுக்கே வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் வண்டியில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வையுங்கள். சைலென்சர் வளைவில் இருந்து தள்ளி, ஹாண்டிலை முழுக்கத் திருப்பும்போது குழாய் நசுங்காத இடமாக இருக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் போத்தல். அதன் மூடியில் காற்றுத் துவாரம் இருக்கிறதா? இல்லை என்றால் குழாயை மூடி வைத்திருக்கிறீர்கள் என்றே அர்த்தம். உள்ளே கொஞ்சம் துருப்பிடிக்காத கம்பிச் சுருள் போட்டால் ஆவி அதில் பட்டு ஒயிலாக இறங்கும். என்னைக் கேட்டால் போத்தலை விட எயார் பொக்ஸுக்கே திருப்பி விடுவது நல்லது. புகை ஊருக்குள் போகாது, பின் ரயருக்கு அருகே ஒயில் சொட்டவும் வழியில்லை. பின் ரயரில் ஒயில் பட்டால் மழையில் ஒரு வளைவு போதும், விழுவதற்கு.

இத்தனையும் செய்வதற்கு முன் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். எயார் பொக்ஸில் ஒயில் என்று வரும் வண்டிகள் பலவற்றில் காரணம் அளவுக்கு மேல் ஊற்றிய ஒயில்தான். ஒயில் அளக்கும் கோல் வைத்த ஹொண்டா வகை வண்டிகளில் கோலைத் திருகாமல், சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். நடு ஸ்டாண்டில், நேராக.

கேள்வி (உப்புவெளி): அண்ணா, என் ஸ்கூட்டியின் ஒயில் மூடியைத் திறந்தால் வெள்ளையாகக் களி படிந்திருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் டவுனுக்குப் போய் வருவதும்தான் ஓட்டம். பிரீதர் பழுதா?

பதில்: பயப்பட வேண்டாம் தங்கச்சி. அது ஒயிலும் நீரும் கலந்த நுரை. எரிந்த வாயுவோடு கிராங்க்கேஸுக்குப் போகும் நீராவி, எஞ்சின் நன்றாகச் சூடானால் பிரீதர் வழியாகப் போய்விடும். குறுகிய ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. கார்த்திகை, மார்கழி ஈரத்தில் இன்னும் கூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி தாண்டிக் குச்சவெளி வரை போய் வாருங்கள். களி குறைந்துவிட்டால் எஞ்சின் நலம். குழாயில் தொய்வு இருந்தால் அங்கேயும் நீர் நிற்கும். கழற்றி உதறிவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள். எயார் பொக்ஸின் அடியில் மூடியோடு தொங்கும் சின்னக் குழாயையும் திறந்து வடிய விட வேண்டும். பலர் அதைத் தொடுவதே இல்லை.

வண்டி வெள்ளத்துக்குள் போன பிறகு இது வந்திருந்தால் கதை வேறு. மேற்கொண்டு ஓட்டாமல் ஒயிலை மாற்றுங்கள்.

கேள்வி (மூதூர்): வெருகல் பக்கம் அடிக்கடி போகிறேன். மகாவலி பெருகினால் ரோட்டில் தண்ணீர். குழாயின் முனையைக் கீழே தொங்க விட்டிருக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சூடான எஞ்சின் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிரும், உள்ளே உள்ள காற்று சுருங்கும். குழாய் முனை தண்ணீருக்குள் இருந்தால் அதைத்தான் உறிஞ்சும். வால்வு இருந்தால் கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் ரீட்டுக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டினாலே வால்வு முழுதாக மூடாது. முனையை சீட்டுக்கு அடியில், எயார் பொக்ஸின் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். குளிர் நாட்டுக்காரர்கள் வால்வு உறைவதைப் பற்றிக் கவலைப்படுவார்கள். நமக்கு உப்பும் மணலும்தான் எதிரி. கிளிப்புகளைத் துருப்பிடிக்காத இரும்பில் வாங்குங்கள். சாதாரணக் கிளிப் கடற்காற்றில் சீக்கிரமே அரித்துவிடும்.

கேள்வி (உவர்மலை): யமஹா ஆர்எக்ஸ் 100க்கு எந்த வால்வு?

பதில்: எதுவும் வேண்டாம். அது இரண்டு ஸ்ட்ரோக். பெற்றோல் கலவையே கிராங்க்கேஸ் வழியாகத்தான் போகிறது, அதைத் திறந்துவிட்டால் வண்டி ஓடாது. கியர்பொக்ஸுக்கு மட்டும் ஒரு சின்னக் காற்றுக்குழாய் உண்டு. அது அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பலர்): வால்வு போட்டால் வேகம், மைலேஜ் கூடுமா?

பதில்: 100, 125 சிசி வண்டியில் நீங்கள் உணரும் அளவுக்குக் கூடாது. அதற்காக வாங்க வேண்டாம்.

கேள்வி (பாலையூற்று): முன் ஸ்புரொக்கெட் பக்க சீலை மாற்றினேன். கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகுகிறது. திரும்பவும் மாற்றினேன், அதே கதை. சீல் போலியா?

பதில்: சீலைக் குறை சொல்வதற்கு முன் பிரீதர் குழாயை இரண்டு முனையிலும் கழற்றி வாயால் ஊதுங்கள். நம் ஊரில் திறந்து கிடக்கும் குழாய் என்றால் குளவிக்குக் கொண்டாட்டம். உள்ளே மண்ணை அடைத்துக் கூடு கட்டிவிடும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. நீளமான கம்பியை விட்டால் பொடிப்பொடியாகச் சிவந்த மண் வரும். அடைபட்ட பிரீதரோடு எத்தனை சீல் மாற்றினாலும் அழுத்தம் பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். முனை வெளியே இருக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு துண்டு மெல்லிய கம்பி வலையைக் கட்டிவிடுங்கள்.

குழாய் நன்றாக இருந்தால் அடுத்தது ரிங். பிரீதர் வாயில் இருந்து குழாயைக் கழற்றி, எஞ்சினை ஐடிலில் விட்டு உள்ளங்கையைப் பிடியுங்கள். மெல்லிய புஸ், புஸ் வருவது இயல்பு. அதே இடத்தில் நீலப் புகை விடாமல் வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. உறுதிப்படுத்த, பிளக் துவாரத்தால் ஒரு கரண்டி ஒயில் விட்டுக் கம்ப்ரெஷன் பாருங்கள். முன்பை விட நன்றாகக் கூடினால் சந்தேகமே இல்லை. அதற்கு மருந்து ரிங்தான், வால்வு அல்ல. தேய்ந்த எஞ்சினுக்கு வால்வு விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): ஹார்ட்வெயார் கடையில் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் மலிவு. போடலாமா?

பதில்: எஞ்சின் சூட்டில் முதலில் மெத்தென்று நசுங்கும், பிறகு விறைத்து வெடிக்கும். ஒயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் குழாய் கேட்டு வாங்குங்கள். உள்விட்டம் எஞ்சின் வாயின் அளவுக்குக் குறையவே கூடாது. வளைவில் நசுங்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருள் விடலாம்.

கேள்வி (நிலாவெளி): பழைய ரீட் வால்வு ஒன்று வாங்கிவிட்டேன். பூட்டும் முன் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: பெற்றோலில் கழுவி நன்றாகக் காய விடுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ரீட்டின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். தகடு முழுக்கப் படிந்திருக்க வேண்டும். மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் தகடு வளைந்திருக்கிறது, அல்லது அது உட்காரும் ரப்பரில் வெட்டு விழுந்திருக்கிறது. தகட்டின் நுனியில் உடைவு, வெடிப்பு இருந்தால் போடவே வேண்டாம், துண்டு உடைந்து உள்ளே போகும். அடுத்து, சுத்தமான குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, எஞ்சின் பக்கத்தில் இருந்து மெதுவாக ஊதுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். அதே பக்கத்தில் இருந்து உறிஞ்சுங்கள். பட்டென்று அடைபட வேண்டும். இரண்டும் சரி என்றால் மேல்மூடியில் எஞ்சின் பக்கம் எது என்று பெயின்டால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் பூட்டுங்கள். நாளைக்கு வேறு யாராவது கழற்றினாலும் மாறிப் பூட்ட மாட்டார்கள்.