எஸ்.பி.எஃப் 100 வாங்கினால் போதுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். 13 வயது மகன் சனி, ஞாயிறு காலை 8 முதல் 12 வரை கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். போன வாரம் மூக்கிலும் பின்கழுத்திலும் தோல் உரிந்துவிட்டது. எஸ்.பி.எஃப் (வெயிலிலிருந்து தோலைக் காக்கும் அளவு) 100 போட்ட 50 கிராம் சன்ஸ்கிரீன் டியூப்தான் நல்லது என்கிறார் கடைக்காரர், விலை அதிகம். "ஊரே குளுகுளுன்னு இருக்கு, நம்ம நிறத்துக்கு இதெல்லாம் எதுக்கு?" என்கிறார் மாமியார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் சன்ஸ்கிரீன் அவசியம் வேண்டும். தோல் உரிகிறது என்றால் வெந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். நம் நிறம் ஓரளவுதான் காக்கும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினால் தோலைச் சுடும் புற ஊதாக் கதிரும் கூடும். காற்று சில்லென்று வீசுவதால் சுடுவது உறைக்காது, அவ்வளவுதான். மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 100. அந்தக் கதிரில் எஸ்.பி.எஃப் 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98, 100 என்றால் 99. அதுவும் தாராளமாகப் பூசினால்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். கைகளையும் சேர்த்தால் 50 கிராம் டியூப் சில வாரங்கள்கூட வராது. விலைக்குப் பயந்து பட்டாணி அளவு தடவினால் 100 என்ன, எதுவும் உதவாது.

அதனால் எஸ்.பி.எஃப் 30 அல்லது 50, பி.ஏ. (தோலுக்குள் ஆழமாகப் போகும் இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் குறைந்தது மூன்று பிளஸ், வியர்வையும் தண்ணீரும் தாங்கும் என்ற குறிப்பு, இவை உள்ள பெரிய பேக்காகப் பாருங்கள். ஒரு கிராம் என்ன விலை என்று பேக்கிலேயே அச்சிட்டிருக்கும். கடையிலேயே இரண்டை வைத்து ஒப்பிடுங்கள். காலாவதி தேதியையும் பார்த்துவிடுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் நெருக்கமான நெசவில் ஒரு ஃபுல் ஸ்லீவ் சட்டையும், சுற்றிலும் விளிம்புள்ள தொப்பியும் வாங்குங்கள். சாதாரண கிரிக்கெட் தொப்பி காதையும் பின்கழுத்தையும் மூடாது. உங்கள் பையனுக்கு உரிந்ததும் அங்கேதானே. பூசியதும் உள்ளங்கையைத் துண்டால் துடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பந்து வழுக்கும். அந்த எரிச்சலிலேயே அடுத்த வாரம் பூசமாட்டான்.

அப்புறம், கோச்சிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். 10 மணிக்குத் தண்ணீர் குடிக்க விடும்போது எல்லாப் பையன்களும் மறுபடி பூசிக்கொள்ளட்டும்.