விற்பனைக்கு வந்த கேம்ப்கிரவுண்டைச் சத்தமில்லாமல் பார்த்துவருவது எப்படி?

கனடாவின் ஒன்ராறியோவில் கேம்ப்கிரவுண்ட் (விடுமுறைக்குக் கூடாரமோ ட்ரெய்லரோ போட்டுத் தங்கும் இடம்) வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்து அனுப்பிய கேள்விகளுக்கு, பல ஆண்டுகள் கணவரோடு அந்தத் தொழிலை நடத்திய ஓர் அக்கா பதில் சொல்கிறார்.

ஸ்காபரோ: அக்கா, விவரம் கேட்டதுமே ஏஜெண்ட் ஓர் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தை நீட்டினார். ஒரு தொழிலை விற்பதில் இத்தனை மறைப்பு எதற்கு?

இந்தத் தொழிலின் முதுகெலும்பு சீசனல் வாடிக்கையாளர்கள். மே மாதம் முதல் ஒக்டோபர் வரை ஒரே இடத்தில் ட்ரெய்லரை, அதாவது இழுத்துவரும் வீட்டு வண்டியை நிறுத்தி, பருவம் முழுவதற்கும் பணம் கட்டுகிறவர்கள். "விற்கப்போகிறார்களாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அடுத்த ஆண்டுக்கான முன்பணத்தைப் பிடித்துவைப்பார்கள். பாதிப் பேர் பக்கத்து இடத்தைத் தேடிப்போவார்கள். வேலையாட்களும் அப்படித்தான். நீங்கள் வாங்கப்போவதே அந்த மனிதர்களின் நம்பிக்கையைத்தான் என்பதால், அந்த மௌனம் உங்களுக்கும் நல்லது.

பிராம்ப்டன்: வாங்க வந்தவர் என்று சொல்லாமல் போய்த் தங்குவது ஏமாற்று இல்லையா?

பணம் கட்டித் தங்குவதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் முதலில் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். அனுமதியின்றி அந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று சிலவற்றில் எழுதியிருக்கும். இருந்தால் ஏஜெண்ட் வழியாக உரிமையாளருக்கு மட்டும் தெரிவித்துவிட்டுப் போங்கள். சொந்தப் பெயரிலேயே முன்பதிவு செய்யுங்கள். யாராவது கேட்டால், "குடும்பத்தோடு தங்க வந்தோம்" என்று சொல்லுங்கள், அது உண்மைதானே. பூட்டிய பம்ப் அறைப் பக்கம் போகாதீர்கள். கதை கட்டாதீர்கள். நாளை அதே வேலையாட்களுக்கு முதலாளியாக அவர்கள் முன் நிற்கவேண்டியவர் நீங்கள்.

மார்க்கம்: எந்த நாளில் போவது?

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஒரு சாதாரண வார இறுதி. வெள்ளி மாலை போய் ஞாயிறு மதியம் திரும்புங்கள். நீண்ட வார இறுதியில் எல்லா இடமும் நிறைந்திருக்கும். அதை வைத்து வியாபாரத்தை எடைபோட முடியாது. முடிந்தால் நடுவாரத்தில் ஒருமுறையும், நல்ல மழைக்கு அடுத்த நாள் ஒருமுறையும் பாருங்கள். பள்ளமான மனைகளில் தண்ணீர் எவ்வளவு நேரம் தேங்குகிறது என்பதை மழைதான் காட்டும்.

மிசிசாகா: நீச்சல்குளமும் புதிய விளையாட்டுத் திடலும் அருமையாக இருந்தன, அக்கா. வேறு என்ன பார்க்கவேண்டும்?

தம்பி, குளத்தை விடுங்கள். நீங்கள் விலை கொடுப்பது மண்ணுக்கு அடியில் கிடப்பவற்றுக்கு: தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கழிவுநீர். இந்த மூன்றில் எது பழுதானாலும் செலவு உங்களை விழுங்கிவிடும்.

மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். செருகினால் வோல்டேஜ் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றைக் கொண்டுபோங்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணி வெயிலில், எல்லா ட்ரெய்லர்களிலும் ஏசி ஓடும்போது உங்கள் மனையின் மின்பெட்டியில் செருகிப் பாருங்கள். 120 காட்டவேண்டியது 108க்குக் கீழே இறங்கினால், அந்த வரிசைக்குப் போகும் கம்பி சுமை தாங்கவில்லை என்று பொருள். 30 ஆம்ப் இணைப்பு 3,600 வாட் தரும். இன்றைய பெரிய வண்டிகள் கேட்கும் 50 ஆம்ப் இணைப்பு 12,000 வாட் வரை தரும். பழைய இடத்தை அந்த அளவுக்கு உயர்த்த, பெட்டியை மட்டும் மாற்றினால் போதாது. நிலத்தைத் தோண்டிக் கம்பியையும் மாற்றவேண்டும்.

காலை எட்டு மணிக்குக் குளியலறைக்குப் போங்கள். ஷவர் நூலாக வடிகிறதா, வெந்நீர் எத்தனை பேரோடு தீர்ந்துபோகிறது என்று பாருங்கள். குழாயடியில் "குடிக்க உகந்ததல்ல" என்ற பலகை இருக்கிறதா? நகராட்சிக் குழாய் எட்டாத கேம்ப்கிரவுண்டுகள் கிணற்று நீரை நம்பியிருக்கின்றன. 2000ஆம் ஆண்டு மே மாதம் வோக்கர்ட்டன் ஊரில் பெருமழைக்குப் பின் மாட்டெரு கலந்த கிணற்று நீரால் ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். அதற்குப் பிறகு இந்த மாகாணத்தில் தண்ணீர் விஷயத்தில் யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. பக்கத்து வயல் எது, அதில் மாடு மேய்கிறதா என்று வேலியோரம் நடந்து பாருங்கள்.

கழிவுநீர் ஊறும் நிலத்தை ஏஜெண்ட் காட்டமாட்டார், நீங்களே கண்டுபிடிக்கலாம். சுற்றிலும் புல் காய்ந்திருக்க ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையாக, காலடியில் சொதசொதவென்று இருந்தால், அங்கே அளவுக்கு மீறிய சுமை ஏறுகிறது. ஞாயிறு பதினொரு மணிக்குக் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய நிற்கும் வண்டி வரிசையையும் கவனியுங்கள். நாளொன்றுக்கு 10,000 லீட்டருக்கு மேல் கையாளும் அமைப்பு என்றால் மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சின் ஒப்புதல் தேவை. அந்தத் தாளில் எழுதியிருக்கும் கொள்ளளவும் இன்று நிற்கும் ட்ரெய்லர்களும் பொருந்துகின்றனவா என்பதைப் பின்னர் வழக்கறிஞர் மூலம் பாருங்கள். தங்கும்போதே ட்ரெய்லர்களை எண்ணி வையுங்கள், அந்தக் கணக்கு அப்போது கைகொடுக்கும்.

ஏஜாக்ஸ்: நிறைய நிழல் மரங்கள் இருக்கின்றன, அதுவே பெரிய கவர்ச்சி என்கிறார்கள்.

என்ன மரங்கள் என்று பாருங்கள், தங்கச்சி. ஆஷ் மரம் என்றால் பட்டையை அருகில் போய்ப் பாருங்கள். ஆங்கில 'D' எழுத்து வடிவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் துளைகள் தெரிந்தால், பச்சைநிறத் துளைப்பான் வண்டு உள்ளே புகுந்து வெளியேறிவிட்டது. 2002இல் டெட்ராய்ட், வின்ட்சர் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட, ஆஷ் மரத்தையே கொல்லும் பூச்சி அது. செத்த ஆஷ் மரம் சீக்கிரம் முறியும். அதன் கீழே குழந்தைகள் தூங்கும் கூடாரம் இருக்கும். பெரிய மரங்களை வெட்டி அகற்ற ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஓஷாவா: பக்கத்து ட்ரெய்லர்காரர்களிடம் பேசலாமா?

தாராளமாக. அடுப்பு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் அவர்களே பேசுவார்கள். "எத்தனை வருடமாக வருகிறீர்கள்? அடுத்த வருடமும் வருவீர்களா?" என்பது எந்தத் தங்க வந்தவரும் கேட்கும் கேள்வி. அதற்கு மேல் துருவவேண்டாம். நடக்கும்போது வேறொன்றைத் தேடுங்கள்: அடிப்பக்கம் காப்புப் பலகை அடைத்த ட்ரெய்லர், பெரிய புரொப்பேன் தொட்டி, மூலையில் பனி அள்ளும் மண்வெட்டி. யாரோ ஆண்டு முழுவதும் அங்கே குடியிருக்கிறார்கள் என்பதற்கான அடையாளங்கள் இவை. பருவகாலத் தங்கலுக்கு ஒன்ராறியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. நிரந்தரக் குடியிருப்பு என்று ஆகிவிட்டால் கதையே வேறு. வழக்கறிஞரிடம் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.

வோன்: ட்ரோன் விட்டுப் படம் எடுக்கலாமா?

கூடாது. அடுத்தவர் குடும்பங்கள் ஓய்வெடுக்கும் இடம் அது.

பிக்கரிங்: வரியில் சிக்கல் உண்டா?

உண்டு. முழுநேர ஊழியர் ஐந்துக்கு மேல் இல்லாத கேம்ப்கிரவுண்டுகள் சிலவற்றுக்குச் சிறு நிறுவன வரிச் சலுகையை வரி அலுவலகம் மறுத்திருக்கிறது. வருமானக் கணக்கைப் போடும் முன் கணக்காளரைப் பாருங்கள்.

ஸ்காபரோ: பார்த்துவந்தோம், பிடித்திருக்கிறது. அடுத்து?

அன்றிரவே கணவன் மனைவி இருவரும் தனித்தனியாக எழுதிவைத்து ஒப்பிடுங்கள்; ஒருவர் கண்ணில் படாதது மற்றவர் கண்ணில் பட்டிருக்கும். பிறகு ஏஜெண்டிடம் நிபந்தனையோடு விலை சொல்லுங்கள்: தண்ணீர்ப் பரிசோதனை, கழிவுநீர் அமைப்பின் ஆய்வு, மின் ஆய்வு மூன்றும் சரியாக வந்தால்தான் வாங்குவோம் என்று எழுத்தில் இருக்கவேண்டும். இலையுதிர் காலத்தில் கைமாறுகிறது என்றால், அடுத்த பருவத்துக்குச் சீசனல்காரர்கள் கட்டிய முன்பணம் ஏற்கெனவே விற்பவர் கையில் இருக்கும். அந்தத் தொகையை விலையில் கழிக்காவிட்டால், வரும் கோடை முழுவதும் காசு வாங்காமல் அவர்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.