அம்மாவின் மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. வெளிநாட்டில் நோயெதிர்ப்புக் கல சிகிச்சை செய்ய வீட்டை விற்கலாமா?

விற்க வேண்டாம். அம்மாவைப் பார்க்கும் புற்றுநோய் டொக்டரிடம் சிகிச்சை பற்றி அவர்கள் தந்த காகிதங்களைக் காட்டும்வரைக்காவது பொறுங்கள். உங்களுக்கும் முற்பணம் கட்ட ஒரு திகதி தந்திருப்பார்கள், அதுதான் அவசரப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். அக்காவுக்கும் இதே வருத்தம்தான், இதே மாதிரி எலும்புக்குப் போனது. ஒரு ஏஜென்ட் வீடு தேடி வந்து, பளபளவென்ற புத்தகத்தை விரித்து, அமெரிக்காவில் ஒரு சிறுமி பிழைத்த கதையைச் சொன்னார். அன்று பின்னேரமே அத்தான் உப்புவெளிக் காணி உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

அந்தக் கதை பொய்யில்லை. எமிலி வைட்ஹெட் என்ற பிள்ளைக்கு 2012இல் பிலடெல்பியாவில் செய்தார்கள். நோயாளியின் குருதியிலிருந்து டி கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களை எடுத்து, மரபணுவை மாற்றி, பெருக்கி, திரும்ப ஏற்றுவது. 2017இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. 2023இல் இந்தியாவிலேயே தயாரித்த ஒன்றுக்கும் அனுமதி வந்தது. ஆனால் எமிலிக்கு இருந்தது குருதிப் புற்றுநோய். 2024 முடியும்வரை மார்பகப் புற்றுநோய்க்கு என்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற கல சிகிச்சை ஒன்றுகூட இல்லை. இதை அந்த மனிதர் வாயே திறந்து சொல்லவில்லை.

புத்தகத்தைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அவ்வளவு சனத்துக்குள்ளும் டொக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "எந்தக் கலம், கட்டியில் எதைக் குறிவைக்குது எண்டு ஓரிடத்திலும் இல்லையே, தங்கச்சி" என்றார். அதையே ஏஜென்டிடம் கேட்டேன். "அதெல்லாம் அங்க போனாப்பிறகு சொல்லுவினம்" என்றவர், பிறகு போன் எடுக்கவே இல்லை.

நான் டொக்டர் இல்லை. புதிய மருத்துவத்துக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். சீனாவில் வெய் ஸெசி என்ற மாணவனின் குடும்பம் இணைய விளம்பரத்தை நம்பி இப்படியொரு சிகிச்சைக்குக் காசைக் கொட்டியது, 2016இல் 21 வயதில் அவன் இறந்தான். அவனுக்கிருந்த அதே வகைப் புற்றுநோய்க்கு 2024இல் அமெரிக்காவில் டி கல சிகிச்சை ஒன்று அனுமதி பெற்றது. அது பரிசோதித்து நிரூபித்தது, அவனுக்கு விற்றது வேறு. முன்னேற்றத்தை மதிக்கிறவர்கள்தான் இந்த வியாபாரத்தில் முதலில் கோபப்பட வேண்டும்.

அக்கா இப்போதும் ஹோர்மோன் குளிசையும் எலும்புக்கு ஊசியுமாகக் கிளினிக்குக்குப் போய்வருகிறா. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக. கஷ்டம் என்றால் பயணம்தான். ஸ்கேனுக்குக் கொழும்புக்குப் போகும்போது இரவு ரயிலில் தலையில் துணி கட்டிய நோயாளி நிற்கிறா, இளம் பெடியங்கள் நித்திரை மாதிரிக் கண்ணை மூடிக்கொள்கிறாங்கள். இதை எழுதும்போதும் கொதிக்கிறது. கனடாச் சொந்தங்கள் மாதிரி வாட்ஸப்பில் அற்புதச் சிகிச்சை அனுப்ப ஆயிரம் பேர், எழும்பி இடம் கொடுக்க ஆளில்லை.

சரி, உங்கள் விஷயம். அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கலம், இந்தப் புற்றுநோய்க்கு எந்த நாடு அனுமதித்தது, ஏற்றியபின் கடும் காய்ச்சல் வந்து இரத்த அழுத்தம் விழுந்தால் எந்த ஐசியுவில் பார்ப்பார்கள். உண்மையான ஆராய்ச்சி என்றால் அதற்குப் பதிவு இலக்கம் இருக்கும், அதையும் கேளுங்கள். வருகிற பதிலோடு அம்மாவின் ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குப் போங்கள். அதுவரை உறுதியில் யாரும் கையெழுத்து வைக்க வேண்டாம்.