வாசகர் கேள்வி–பதில்: பழைய ப்ளக்-இன் ஹைப்ரிட் காரைத் தானம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்களிடம் 2014ஆம் ஆண்டு மாடல் செவர்லே வோல்ட் ஒன்று இருக்கிறது; சார்ஜ் செய்தும் ஓட்டலாம், பெட்ரோலிலும் ஓடும் ப்ளக்-இன் ஹைப்ரிட் கார். பிள்ளைகள் இருவரும் கல்லூரிக்குப் போய்விட்டதால் அந்தக் கார் இனி எங்களுக்குத் தேவையில்லை. தொண்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். அதன் சந்தை விலை முழுவதையும் வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியுமா? பேட்டரி பழையதாகிவிட்ட காரை யாராவது ஏற்றுக்கொள்வார்களா?
— வாசகி, கொலம்பியா, மேரிலாந்து

பதில்: பெரும்பாலும் முடியாது. 2005 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்க வரி விதிப்படி, காருக்காக நீங்கள் 500 டாலருக்கு மேல் கழிவு கோரினால், தொண்டு நிறுவனம் அதை விற்று எவ்வளவு பெற்றதோ அந்தத் தொகைதான் உங்கள் உச்சவரம்பு. கார் பெரும்பாலும் மொத்த வியாபாரிகள் கூடும் ஏலத்துக்கே போகிறது. நீங்கள் விலைப் புத்தகத்தில் பார்த்து வைத்திருக்கும் மதிப்பு அங்கே கிடைப்பது அரிது. பல நிறுவனங்கள் இந்த வேலையை இடைத்தரகு நிறுவனங்களிடம் ஒப்படைத்திருப்பதால், ஏலத்தில் வந்த பணத்திலும் ஒரு பங்கு தரகுக்குப் போய்விடுகிறது.

முழு மதிப்பையும் கோர இடமளிக்கும் விலக்குகள் உண்டு. நிறுவனம் காரை விற்காமல் தன் தொண்டுப் பணிக்கே கணிசமாகப் பயன்படுத்த வேண்டும் (முதியவர்களுக்கு ஓராண்டு காலம் நாள்தோறும் உணவு கொண்டுசெல்வது போல). அல்லது அதன் மதிப்பை உயர்த்தும் பெரிய பழுதுபார்ப்பைச் செய்ய வேண்டும். அல்லது ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ கொடுக்க வேண்டும். கழுவித் துடைத்து எண்ணெய் மாற்றுவதெல்லாம் பெரிய பழுதுபார்ப்பு ஆகாது. நிறுவனம் அனுப்பும் 1098-சி படிவத்தில் 5ஏ அல்லது 5பி கட்டம் குறிக்கப்பட்டிருந்தால் விலக்கு பொருந்துகிறது என்று பொருள். 4சி கட்டத்தில் ஒரு தொகை மட்டும் இருந்தால் அதுவே கார் விற்ற பணம். படிவம் கைக்கு வந்ததும் முதலில் அந்தக் கட்டங்களைப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: உங்களுக்கு இந்தக் கழிவால் பயன் உண்டா? 2026 வரியாண்டில் சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதியருக்கு, செலவுக் கணக்கு காட்டாமலே கிடைக்கும் நிலையான கழிவு 32,200 டாலர். வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டாவிட்டால், செலவுகளைப் பட்டியலிட்டுக் கழிக்க உங்களுக்குக் காரணமே இல்லை. காரைக் கொடுத்ததால் வரியில் ஒரு டாலர்கூடக் குறையாது. ஆனால் பட்டியலிடாத தம்பதியரும் 2026 முதல் ரொக்க நன்கொடையில் 2,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். காருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: வோல்டை நீங்களே நேரடியாக ஒருவருக்கு விற்று, வந்த பணத்தை நன்கொடையாகக் கொடுங்கள். நிறுவனத்துக்கும் கூடுதலாகப் போய்ச்சேரும், உங்களுக்கும் ரசீதோடு முடிந்துவிடும்.

காராகவே ஒரு குடும்பத்துக்குப் போக வேண்டும் என்று மனம் விரும்பினால், அதற்கு உங்கள் மாநிலத்திலேயே நல்ல வழி இருக்கிறது. பால்டிமோர் பகுதியில் 1999 முதல் இயங்கும் வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச், நன்கொடையாக வரும் கார்களைப் பழுதுபார்த்து வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கு அந்தப் பட்டறையிலேயே மெக்கானிக் வேலையும் கற்றுத்தருகிறது. வேலைக்குப் போக பஸ் இல்லாத இடத்தில் குடியிருப்பவருக்கு ஒரு கார் எவ்வளவு பெரிய உதவி என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் வோல்ட் குடும்பத்துக்குப் போகுமா, விற்பனைக்குப் போகுமா என்று முன்கூட்டியே தெளிவாகக் கேளுங்கள்.

பேட்டரியைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். புதிதாக இருந்தபோது உங்கள் கார் மின்சாரத்தில் மட்டும் 38 மைல் ஓடும் என்று மதிப்பிடப்பட்டது. இப்போது முழு சார்ஜில் எத்தனை மைல் காட்டுகிறது என்று எழுதிக் கொடுங்கள். எட்டு ஆண்டு பேட்டரி உத்தரவாதம் முடிந்துவிட்டாலும், பெட்ரோல் எஞ்சின் இருப்பதால் கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் உங்களுடையதைப் போன்ற முதல் தலைமுறை வோல்ட் பிரீமியம் பெட்ரோல் கேட்கும். புதிதாக ஓட்டப்போகிறவருக்கு அது தெரிய வேண்டும். பின்பகுதியில் தனியாக இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரி செத்துப்போயிருந்தால் நல்ல காரும் "ஓடாத வண்டி" என்றே பதிவாகும், ஆகவே அதை முதலில் சரிபாருங்கள். சார்ஜர் கேபிளை வீட்டில் விட்டுவிடாதீர்கள். காரிலுள்ள வீட்டு முகவரி, கராஜ் கதவுப் பதிவு, செயலியின் கணக்கு இவற்றையெல்லாம் அழித்துவிடுங்கள். நம்பர் பிளேட்டுகளைக் கழற்றி மேரிலாந்து மோட்டார் வாகனத் துறை (எம்.வி.ஏ.) அலுவலகத்தில் ஒப்படைத்த பிறகே காப்பீட்டை ரத்து செய்யுங்கள். மாற்றிச் செய்தால் மேரிலாந்தில் அபராதம் வரும்.

கேள்வி: என்னுடைய கிரைஸ்லர் பசிஃபிகா ஹைப்ரிட் 2018 மாடல். குறையைச் சரிசெய்யக் காரைக் கொண்டுவரும்படி ரீகால் கடிதம் வந்தும் சரிசெய்யாமல் வைத்திருந்தேன். அப்படியே தானம் கொடுத்துவிடலாமா?
— வாசகர், ரிச்மண்ட், வர்ஜீனியா

பதில்: வேண்டாம். 2017, 2018 மாடல் பசிஃபிகா ப்ளக்-இன் ஹைப்ரிட்கள் தீப்பிடிக்கும் அபாயத்தால் 2022இல் திரும்ப அழைக்கப்பட்டன. சரிசெய்யும்வரை சார்ஜ் செய்ய வேண்டாம், வீட்டை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்துங்கள் என்றே உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. வாங்கப்போகும் குடும்பம் அதைக் குழந்தைகள் தூங்கும் அறைக்குக் கீழுள்ள கராஜில் நிறுத்தக்கூடும். நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் காரின் 17 இலக்க அடையாள எண்ணை (வின்) இட்டு, பாக்கியுள்ள ரீகால்கள் எவை என்று பாருங்கள். ரீகாலைச் சரிசெய்ய டீலரிடம் கட்டணம் இல்லை. வேலை முடிந்ததற்கான தாளை காரின் உரிமைப் பத்திரத்தோடு (டைட்டில்) சேர்த்துக் கொடுங்கள்.